மறந்துபோன உம்மாவை நாம் மறக்கலாமா?



எங்கள் ஹுன்னஸ்கிரியவில் அஸருக்குப் பின்னரே பனி இறங்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் என் உம்மா தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக் கொண்டு, கையில் ஒரு பையுடன் வாசற்படியில் வந்து நிற்பார். "மகன், நேரமாகிட்டு. எங்கட ஊட்டுக்குப் போகோணும். வாப்பா தேடுவார்" என்பார்.

உம்மாவின் வாப்பா வபாத்தாகி நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டன. உம்மா பிறந்து வளர்ந்த வீடு பழைய தெல்தெனிய நகரில் இருந்தது. விக்டோரியா அணை கட்டப்பட்டு 1980களின் நடுப்பகுதியில் நீர் நிரம்பியபோது, கடைத்தெருவோடும் வீடுகளோடும் அந்த நகரமே நீருக்குள் போய்விட்டது. கடும் வரட்சி வந்து நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் மட்டும் பழைய இடிபாடுகள் சில தலைகாட்டும். அந்த வீட்டுக்குத்தான் உம்மா ஒவ்வொரு நாள் மாலையும் புறப்படுகிறார்!

ஆரம்பத்தில் நான் அவருக்கு உண்மையை விளக்கினேன். "உம்மா, அந்த வீடு தண்ணிக்குள்ள போய் எவ்வளவு காலம்! வாப்பாவும் மவுத்தாகிட்டாரே" என்றேன். உம்மா கதறி அழுதார். தன் வாப்பா மவுத்தான செய்தியை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவர் போல அழுதார். மறுநாள் மாலை அதே கேள்வி, அதே பதில், அதே அழுகை. உண்மை சொல்கிறேன் என்று எண்ணிக்கொண்டு, என் உம்மாவை ஒவ்வொரு நாளும் ஒரு மையித்து வீட்டுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

இன்னொரு விடயத்தையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, பெற்றோருக்கு உபகாரம் செய்வது பற்றிப் பள்ளியில் பயான் செய்தேன். பலர் கண்கலங்கினார்கள். வீட்டுக்கு வந்தேன். என் மனைவி குசினித் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் நகம் கீறிய காயம். தன் காப்பைத் திருடிவிட்டாள் என்று உம்மா அவளுடன் மல்லுக்கு நின்றிருக்கிறார். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "நீங்க சொன்னத ஸ்பீக்கர்ல கேட்டேன். நல்லா இருந்திச்சு. ஆனா இண்டைக்கு மூணு தரம் மாமிட உடுப்ப மாத்தினது நான்தானே."

அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்த வார்த்தைதான்.

இது வயதின் குற்றமல்ல, ஒரு நோய்

வயது போனவர் ஒருவர் கேட்டதையே கேட்டால், வைத்த பொருளைத் தேடினால், "அவருக்கு அறளை பெயர்ந்து விட்டது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு நாம் நகர்ந்து விடுகிறோம். ஆனால் முதுமையில் வரும் சாதாரண மறதி வேறு. டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வேறு. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுவது சாதாரண மறதி. அந்தக் கண்ணாடி எதற்கு என்பதே தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு விழிப்பது நோயின் அடையாளம். பலகாலம் சமைத்த சோற்றை எப்படி வடிப்பது என்று தடுமாறுவது, போய்ப் பழகிய பாதையில் வழி தவறுவது, பகலா இரவா என்று தெரியாமல் போவது, சாந்தமானவர் திடீரென்று சந்தேகப்படுவதும் ஏசுவதும் ஆகியவையும் இதன் அடையாளங்களே.

ஜெர்மனியைச் சேர்ந்த அலோய்ஸ் அல்சைமர் என்ற வைத்தியர், தாம் கவனித்து வந்த ஒரு பெண்ணின் மூளையை அவர் இறந்த பின் ஆராய்ந்து, அங்கே கண்ட மாற்றங்களை 1906ஆம் ஆண்டு வைத்தியர்கள் மத்தியில் எடுத்துரைத்தார். அவருடைய பெயரால் அழைக்கப்படும் அல்சைமர் நோயே டிமென்ஷியாவுக்குரிய காரணங்களில் முதன்மையானது. மூளையின் இரத்தக் குழாய்கள் பாதிக்கப்படுவதாலும் இது வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் 5 கோடி 70 இலட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்ந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். நமது நாட்டில் ராகமைப் பகுதியில் 65 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. ஆகவே இது எங்கோ ஐரோப்பாவில் உள்ள நோயல்ல. நமது வீட்டு வாசற்படியில் நிற்கும் நோய்.

நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். ஏறத்தாழ ஒரு வருட காலம் ஓதிப் பார்த்தேன். தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். குர்ஆனைக் கொண்டு நிவாரணம் தேடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓதிப் பார்ப்பது வைத்தியரிடம் போகாமல் இருப்பதற்குச் சாட்டாகிவிடக் கூடாது. தைரொய்ட் சுரப்பிக் குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, விழுந்து தலையில் அடிபட்டதால் உள்ளே ஏற்பட்ட இரத்தக்கசிவு, சில மருந்துகளின் பக்க விளைவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நேற்று வரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாட்களில் குழம்பிப் போனால் அது சிறுநீர்த் தொற்றாகவோ நெஞ்சுச் சளியாகவோ இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அல்சைமரை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்று வரை இல்லை. எனினும் சிலருக்குச் சில காலம் உதவும் மாத்திரைகள் உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளின் மனநல, நரம்பியல் கிளினிக்குகளில் இதை இலவசமாகவே காட்டலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால், 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

நமது முன்னோர்கள் வெட்கப்படவில்லை

"ஊருக்குத் தெரிந்தால் பைத்தியம் என்பார்களே!" என்று அஞ்சி, உம்மாவை அறைக்குள் மறைத்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. சகோதரிகளே! சூரத்துந் நஹ்லிலும் சூரத்துல் ஹஜ்ஜிலும், அறிந்திருந்த பின் எதையும் அறியாதவராகிவிடும் தள்ளாத வயது வரை சிலர் கொண்டு செல்லப்படுவதை அல்லாஹுத்தஆலா குறிப்பிடுகிறான். அத்தகைய வயதை விட்டும் நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பாதுகாப்புத் தேட வேண்டிய ஒரு சோதனை அது. வெட்கப்பட வேண்டிய ஒரு குற்றமல்ல.

ஹதீஸ் கலையில் 'இக்திலாத்' என்றொரு பாடமே உண்டு. நம்பகமான அறிவிப்பாளர்களுள் கடைசிக் காலத்தில் நினைவு குழம்பியவர்கள் யார் யார் என்பதை இமாம்கள் பெயர் பெயராக எழுதி வைத்தார்கள். இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தமது முகத்திமாவில் இதற்கென ஒரு வகையை ஒதுக்கியிருக்கிறார்கள். கூஃபாவின் அதா இப்னுஸ் ஸாயிப் (ரஹ்) போன்ற பெரியவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். நினைவு குழம்பும் முன்னர் அவர்களிடம் கேட்டவை ஏற்கப்பட்டன; பின்னர் கேட்டவை தனியாகப் பிரிக்கப்பட்டன. இதனால் அவர்களுடைய கண்ணியத்தை யாரும் குறைக்கவில்லை.

பஸராவின் ஜரீர் இப்னு ஹாஸிம் (ரஹ்) அவர்களின் வரலாறு என் உள்ளத்தைத் தொட்டது. அவர்களுக்கு நினைவு குழம்பத் தொடங்கியதை முதலில் உணர்ந்தவர்கள் அவர்களுடைய மக்களே. அவர்களும் ஹதீஸ் கற்றவர்கள். உடனே ஹதீஸ் கேட்க வருபவர்களைத் தடுத்தார்கள்; அந்த நிலையில் தந்தையிடமிருந்து எவரும் எதையும் கேட்க விடவில்லை. இதனால் ஹதீஸும் பாதுகாக்கப்பட்டது, தந்தையின் மானமும் பாதுகாக்கப்பட்டது. கவனியுங்கள்! மாற்றத்தைக் கண்டவர்கள் மக்கள். பொறுப்பை ஏற்றவர்களும் மக்கள். நானோ என் உம்மாவின் மாற்றத்தை என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.

தொழுகையும் நோன்பும்

"மாமி லுஹரை நான்கு தரம் தொழுகிறார், தடுக்கலாமா?" என்று ஒரு சகோதரி கேட்டனுப்பினார். தடுக்க வேண்டாம். அது அவருடைய உள்ளம் பற்றிப் பிடித்திருக்கும் கயிறு. "தொழுதாச்சு, தொழுதாச்சு" என்று அதட்டாதீர்கள். தெளிவு இருக்கும் நேரங்களில் பக்கத்தில் நின்று ருகூஉ, ஸுஜூதை மெதுவாக நினைவூட்டுங்கள்.

புத்தி நீங்கியவர் தெளியும் வரை அவர்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழியின் கருத்து. விளக்கம் முற்றாக நீங்கிய பின் தொழுகை அவர் மீது கடமையில்லை. தவறிய நோன்புக்காகப் பித்யாவும் இல்லை. புத்தி தெளிவாக இருந்து, முதுமைப் பலவீனத்தால் மட்டும் நோன்பு நோற்க முடியாதவருக்கே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முத்து உணவு பித்யா வரும். ஸகாத்தின் சட்டம் வேறு: அவருடைய சொத்து நிஸாபை அடைந்தால் ஷாஃபிஈ மத்ஹபின்படி பொறுப்பாளர் அதிலிருந்து ஸகாத்தைக் கொடுக்க வேண்டும்.

காணி, நகை விடயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. விளக்கம் நீங்கியவரின் கைவிரல் அடையாளத்தை எடுத்துக்கொண்டு உறுதி எழுதுவது மார்க்கத்திலும் செல்லாது, பெரும் அநீதியுமாகும். கடன், அமானிதம், வஸிய்யத் ஆகியவற்றை நோயின் ஆரம்பத்திலேயே, தெளிவு இருக்கும்போதே சாட்சிகளோடு எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

வீட்டில் நாம் கற்றுக் கொண்டவை

இப்போது உம்மா "ஊட்டுக்குப் போகோணும்" என்றால் நான் மறுப்பதில்லை. "சரி உம்மா, பிளேன்டி ஒண்டு குடிச்சிட்டுப் போவோம். உங்கட ஊட்ல என்ன மரம் நிண்டிச்சு?" என்று கேட்பேன். உம்மா தெல்தெனியக் கடைத்தெருவைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். பை மெதுவாகக் கீழே வரும். இது ஏமாற்றல்ல, பயந்துபோன ஓர் உள்ளத்தை அமைதிப்படுத்துவது. மாலை நேரத்தில் இந்நோயாளரின் பதற்றம் கூடுவது வழமை. ஆகவே இருள் சூழும் முன்னரே வீட்டின் விளக்குகளை ஏற்றிவிடுங்கள்.

கழிவறைக் கதவில் பெரிதாக ஒரு படம் ஒட்டுங்கள். வழுக்கும் பாய்களை அகற்றுங்கள். குளியலறையில் பிடிகம்பி பூட்டுங்கள். சமைத்து முடிந்ததும் கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுங்கள். கிணற்றை மூடியிடுங்கள். மருந்துகளை எட்டாத இடத்தில் வையுங்கள். வழி தவறிப் போகக்கூடியவராயின் உடுப்பின் உட்புறத்தில் தொலைபேசி இலக்கத்தைத் தைத்து விடுங்கள். பக்கத்து வீட்டாருக்கும், எந்த இனத்தவராயினும், கடைக்காரருக்கும், பஸ் நடத்துனருக்கும் விடயத்தைச் சொல்லி வையுங்கள். ஒரு நாள் உம்மா கண்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது இறக்கிக் கூட்டி வந்தவர், எதிர்க்கடைச் சிங்களச் சகோதரர்தான்.

கையில் ஏதாவது வேலை கொடுங்கள். அரிசியில் கல் பொறுக்குவது, துணி மடிப்பது, தஸ்பீஹ் உருட்டுவது எதுவானாலும் சரி. பிள்ளைகளின் பெயர்களை மறந்த உம்மா, நான் சூரத்துல் முல்க்கைத் தொடங்கினால் கூடவே ஓதிக்கொண்டு வருகிறார். சிறு வயதில் பதிந்தது கடைசியாகவே அழிகிறது. குர்ஆன் மத்ரஸாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மாரே, இதையும் நினைவில் கொள்ளுங்கள்!

வராமல் தடுக்க வழியுண்டா என்று கேட்பீர்கள். லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் 14 காரணிகளை எடுத்துக்காட்டி, அவற்றைச் சீராக்கினால் ஏறத்தாழ 45 வீதமான டிமென்ஷியாவைத் தடுக்கவோ பிற்போடவோ முடியும் என்றது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல், புகைத்தல், உடலுழைப்பின்மை, கேட்காத காதையும் தெரியாத கண்ணையும் கவனிக்காமல் விடுவது, தனிமை என்பன அவற்றுட் சில. சிறு வயதில் கல்வி கிடைக்காமையும் அதில் ஒன்று. பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்துபவர்கள் சிந்திக்க வேண்டும்.

கடமை யாருடையது?

இனி என் மனைவியின் கேள்விக்கு வருகிறேன்.

சூரத்துல் இஸ்ராவில் அல்லாஹ், பெற்றோர் முதுமை அடையும்போது அவர்களிடம் 'சீ' என்ற சொல்லைக்கூடச் சொல்ல வேண்டாம் என்று தடுப்பது யாரை? பிள்ளைகளை! மருமகள் மாமியாரைப் பராமரிப்பது அவள் செய்யும் உபகாரம், பெரும் நன்மை, ஆனால் அவள் மீது மார்க்கம் விதித்த கடமையல்ல. கடமை மகன்மாருக்கும் மகள்மாருக்கும் உரியது. நமது வீடுகளில் நடப்பது என்ன? ஒரு மகன் கட்டாரிலிருந்து காசு அனுப்புவார். இன்னொருவர் கண்டியிலிருந்து பழம் வாங்கிக்கொண்டு வந்து ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு, "உம்மா மெலிஞ்சிட்டாங்களே" என்று குறை சொல்லிப் போவார். இரவு மூன்று மணிக்கு எழுந்து நனைந்த பாயை மாற்றுபவள் ஒரே ஒருத்தி. உலகம் முழுவதும் இதே நிலைதான்: டிமென்ஷியா நோயாளருக்கான பராமரிப்பு நேரத்தில் 70 வீதத்தைப் பெண்களே கொடுக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நாட்டுச் சட்டமும் இதைப் பிள்ளைகளின் பொறுப்பாகவே பார்க்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைக் கைவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு விதிக்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத 60 வயதைக் கடந்தவர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி அதற்கான சபையை நாடவும் வழி செய்துள்ளது.

நாங்கள் சகோதரர்கள் நால்வரும் ஒருநாள் உட்கார்ந்தோம். என் மனைவியையும் உட்கார வைத்தோம். என்ன தேவை என்று அவளைத்தான் முதலில் கேட்டோம். அவள் காசு கேட்கவில்லை. "கிழமையில ரெண்டு ராவு நிம்மதியாத் தூங்கோணும். மாசத்துல ஒரு தரம் எங்கட உம்மாவப் பார்க்கப் போகோணும்" என்றாள். இதைக் கேட்க எங்களுக்கு இரண்டு வருடம் எடுத்திருக்கிறது! இப்போது வியாழன், வெள்ளி இரவுகள் என்னுடையவை. மாதத்தில் ஒரு வாரம் ராத்தா வந்து நிற்பார். வெளிநாட்டிலுள்ள தம்பியின் பணத்தில், உம்மாவைக் குளிப்பாட்டவும் உடுப்பு மாற்றவும் ஊரிலேயே ஒரு சகோதரியைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம்.

இல்லத்தில் சேர்ப்பது பாவமா?

வெளிநாடுகளில் இத்தகையோருக்கென்றே இல்லங்கள் உண்டு. நெதர்லாந்தின் வேஸ்ப் என்ற ஊரில் 2009இல் திறக்கப்பட்ட ஹோகவேய்க் ஒரு சிறு கிராமம் போன்றது. ஆறேழு பேராக வீடுகளில் வாழ்கிறார்கள். கடை, தோட்டம், தெரு எல்லாம் உண்டு. தொலைந்து போகாமல் உலாவலாம். நமது நாட்டில் 2001இல் ஆரம்பிக்கப்பட்ட லங்கா அல்சைமர் மன்றம், கொழும்பு மருதானையில் இயங்கி, நோயாளருக்குப் பகல்நேரச் செயற்பாடுகளையும் குடும்பத்தாருக்கு ஆலோசனையையும் வழங்கி வருகிறது. தனியார் முதியோர் இல்லங்களும் ஆங்காங்கே உள்ளன.

உம்மாவை வைத்துக்கொள்ள மனமில்லாமல் ஓர் இல்லத்தின் வாசலில் விட்டுவிட்டு வருவது வேறு. வீட்டில் பாதுகாக்க முடியாத நிலை வந்து, எல்லோரும் மஷூரா செய்து, நல்ல இடம் பார்த்துச் சேர்த்து, அடிக்கடி போய்ப் பார்த்து வருவது வேறு. பின்னதைப் பாவம் என்று சொல்ல எனக்கு ஆதாரம் தெரியாது. டமஸ்கஸில் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் நூருத்தீன் (ரஹ்) அமைத்த பீமாரிஸ்தானும், கெய்ரோவில் 1284இல் கலாவூன் கட்டிய பீமாரிஸ்தானும் வக்ஃபு சொத்துக்களால் நடந்த வைத்தியசாலைகள். மனநோயாளரையும் அவை பராமரித்தன. வீட்டால் முடியாததை ஊர் சேர்ந்து செய்வது நமது வரலாற்றுக்குப் புதிதல்ல.

இல்லம் ஒன்றைத் தெரிவு செய்வதாயின் முன்னறிவித்தல் இல்லாமல் போய்ப் பாருங்கள். பதிவு செய்யப்பட்டதா? இரவில் எத்தனை பேர் கவனிக்கிறார்கள்? பெண்களைக் குளிப்பாட்டுவது பெண்களா? கட்டி வைக்கிறார்களா? தூக்க மருந்து கொடுத்துப் படுக்க வைக்கிறார்களா? ஹலால் உணவுக்கும் தொழுகைக்கும் வசதி உண்டா? எந்த நேரமும் பார்க்க விடுவார்களா? இவற்றைக் கேளுங்கள்.

எங்கள் மலைநாட்டுக் கிராமங்களிலிருந்து மருதானைக்குத் தினமும் போய்வர முடியாதுதான். ஆனால் பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் காலை வேளையில் நமது குர்ஆன் மத்ரஸாக் கட்டடங்கள் பூட்டிக் கிடக்கின்றனவே! கிழமையில் இரண்டு காலை அவற்றைத் திறந்து, ஊரிலுள்ள வயதான உம்மாமாரை உட்கார வைத்து, நான்கு பெண்கள் முறைவைத்துக் கவனித்தால் என்ன? அந்த மூன்று மணித்தியாலத்தில் ஒரு மருமகள் தூங்குவாள். ஒரு மகள் வைத்தியரிடம் போய் வருவாள். எங்கள் நிர்வாக சபையில் இதை நான் முன்வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் நீங்கள் முன்வையுங்கள்.

சகோதரிகளே! இதை வாசிக்கும் உங்களில் ஒருத்தி, இப்போதுதான் பாயை அலசிக் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கலாம். சில வேளை பொறுமை இழந்து சத்தம் போட்டுவிட்டு, இரவில் அழுதிருக்கலாம். நீங்கள் கெட்டவரல்லர்; களைத்துப் போனவர். களைப்பைச் சொல்வது முறைப்பாடல்ல. இந்தக் கட்டுரையை உங்கள் கணவரின் கையில் கொடுங்கள். அவருடைய சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நேற்று மாலை உம்மா என் முகத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "நீங்க ஆர் மகன்?" என்று கேட்டார். "உங்கட பிள்ளதான் உம்மா" என்றேன். "நல்ல பிள்ள" என்று என் தலையைத் தடவினார். என் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. நான் அவரை மறந்தால்தான் நஷ்டம்.

யா அல்லாஹ்! சிறு வயதில் எங்களைப் பராமரித்த எங்கள் பெற்றோருக்கு அருள் புரிவாயாக! அவர்களைச் சுமக்கும் பெண்களின் முதுகைப் பலப்படுத்துவாயாக! அந்தச் சுமையில் எங்களுக்குரிய பங்கை நாங்கள் ஏற்கத் தௌபீக் செய்வாயாக! ஆமீன்.